ராத்திரி தூங்குனியா?

(எங்கள் குடியிருப்பின் அம்பேத்கர் படிப்பகத்தில் நடந்த பெண்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல. ஆனா இதை நான்தான் பேசணும். மூணு வருசத்துக்கு முன்னால இந்தத் தெரு 'பைத்தியம்'னு பேர் வச்சது எனக்குத்தான்.

நம் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். விடுதியில் என் தட்டைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். உதவித்தொகைப் பட்டியலை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் தூக்கம் போனது. அப்புறம் பசி. கடைசியில் பேச்சும் போனது.

காத்து கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். "எங்கயாச்சும் கொண்டுபோய்க் கட்டிப் போடுங்க"ன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். கட்டிப் போட்டால் என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர் போனது. எங்கம்மா, "எம் பொண்ணக் கட்ட வுடமாட்டேன்"னு வாசல்ல குந்திக்கிட்டாங்க.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். அன்னைக்குக் கூலி போச்சு. டாக்டர் நல்ல மனுசர்தான். ஆனால் வெளியே நீண்ட வரிசை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை எனக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. பேச்சைக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஆயா.

மத்தியானமானா ஆயா மணிலாக்கொட்டை உடைக்க எங்க திண்ணைக்கு வந்துடும். "ராத்திரி தூங்குனியா கண்ணு?" அவ்வளவுதான் கேட்கும். ஒரு மாசம் கழிச்சு, அந்தத் தட்டைப் பத்திச் சொன்னேன். ஆயா கொட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: "எனக்குக் களத்துல கொட்டாங்குச்சியிலதான் தண்ணி ஊத்துவாங்க. நாப்பது வருசமா இதை யார்கிட்டயும் சொல்லல." அன்றைக்கு யார் யாருக்கு வைத்தியம் பார்த்தது, தோழர்களே?

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்றொரு நாடு. 2005இல் அரசாங்கமே ஏழைகளின் குடிசைகளை இடித்துத் தள்ளியது. மறுவருசம் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். பஸ் காசில்லாமல் சிகிச்சைக்கு வர முடியாத ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டது அவரை உலுக்கியிருந்தது. அங்கே இந்த நோய்க்கு 'குஃபுங்கிசீசா' என்று பேர். அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். நம்ம ஆயா சொல்ற 'யோசன புடிச்சிக்கிச்சி' இதுதான். 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் பேசியவர்களில் 14 பேருக்குத்தான் இருந்தது.

இயக்கத்து அண்ணன்மாருக்கு ஒன்று சொல்கிறேன், கோவிக்கக் கூடாது. "சாதி ஒழிஞ்சா எல்லாம் சரியாயிடும்"னு சொல்றீங்க. நோயின் வேர் சாதி என்பதை நான் மறுக்கவில்லை. 2016 ஜனவரி 17 ரோகித் வெமுலா. 2019 மே 22 டாக்டர் பாயல் தட்வி. அவர்கள் போன பிறகு, 2019இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது அந்த இரண்டு தாய்மார்கள், ராதிகாவும் அபேதாவும். ஆனால் சாதி ஒழியும்வரை ஒரு பொண்ணு தூங்காமல் காத்திருக்க முடியுமா? செத்த பிறகு சுவரொட்டி ஒட்டுகிறோம். உயிரோடு இருக்கும்போது "தூங்குனியா"ன்னு கேட்டோமா?

இப்போது பெண் பிள்ளைகள் ஆறு பேர், ஆயாக்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். ஞாயிறு மத்தியானம் உட்காருவோம். எங்களுக்கு மூணு கட்டுப்பாடு. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. சாகணும்னு சொல்றவங்களைத் தனியா விடாம, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும். 14416க்கு இரவு பகல் எப்போதும் இலவசமாகப் பேசலாம் என்பதையும் வீடு வீடாகச் சொல்கிறோம்.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது, சங்கிலியைத் தடை செய்கிறது. அந்த உரிமையைக் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். மாத்திரை மாதாமாதம் இங்கேயே கிடைக்கணும். கையெழுத்தோ கைநாட்டோ, எல்லாரும் போடுங்க.

அண்ணன்மாருக்கு ஒரு கோரிக்கை. படிப்பகத்துச் சாவி உங்ககிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை எங்ககிட்ட கொடுங்க. எங்க ஆயாவுக்கு இன்னும் சொல்ல வேண்டியது நாப்பது வருசத்துக் கதை இருக்கு.

ஜெய்பீம்.