இரவுப் பந்தயமும் இரவுச் சாலையும்



2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம். மூன்றரை கிலோமீட்டர் தெருச்சுற்று, இரவில், விளக்கொளியில். 2023 டிசம்பரில் நடக்கவிருந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. மரக்காணத்திலிருந்து நம் பங்கு இளையோர் சிலர் இரு சக்கர வண்டிகளில் கிளம்பத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பவுலடியாரே பந்தயத்தைக் காட்டித்தான் கொரிந்து மக்களுக்குப் போதித்தார். கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 ஓட்டியபோது நாமும் செய்தித்தாளை விரித்து வைத்துப் பார்த்தவர்கள்தாம்.

ஆனால் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தார். நம் பிள்ளைகளின் கணக்கில் டிக்கெட் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. இந்த நாள்களில்தான் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி, மாதா சுரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு, மக்கள் அதே சாலையில் நடக்கிறார்கள். பந்தயம் பார்த்த வேகத்தில் நள்ளிரவில் திரும்பும் பிள்ளையின் கண்ணில் அவர்கள் படுவார்களா? பந்தயத் தடத்தில் தடுப்புச் சுவர் உண்டு, எதிரே வண்டி வராது. நம் சாலையில்?

அந்த வண்டிகளின் தவணை, உப்பளத்தில் கூடை சுமக்கும் தாயின் கூலியிலிருந்து போகிறது. அவள் அன்று இரவு தூங்கமாட்டாள்.

ஆகவே கூப்பிட்டுப் பேசினோம். ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் பேருந்தில் போவது, இரவு சென்னையில் உறவினர் வீடுகளில் தங்கித் திங்கள் காலை திரும்புவது என்று முடிவு. இருவர் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. இன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறோம்.