கரும்பலகை ஏன் ஒரு கோடு?

இந்த எபிசோட்ல கோடிங் இல்லை, ஏஐ இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைங்க வகுப்பறைக்கு வரைபடம் போட்ட கதை. எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டுல ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர், "லீவுக்கு வந்திருக்கல்ல தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போ"ன்னு கூப்பிட்டாங்க. ரெண்டு நாள் போனேன்.

முதல்ல எதுவும் சொல்லித் தராம, "உங்க வகுப்பை வரைங்க"ன்னு மட்டும் சொன்னோம். வந்ததெல்லாம் படம். பெஞ்சுக்கு நாலு கால், ஜன்னலுக்குக் கம்பி, நடுவுல கரும்பலகையை விட உயரமா டீச்சர். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அதை வெச்சுக்கிட்டு மூணாவது பெஞ்சு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் தான் உக்காந்த இடத்துல இருந்து தெரியறதை வரைஞ்சிருந்துச்சு. வரைபடத்துக்கு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கணும். யாருமே உக்காராத ஒரு இடத்துல இருந்து, நேரா மேல இருந்து பார்க்கணும். கஷ்டமே அதுதான், பென்சில் பிடிக்கறது இல்லை.

பியாஜேன்னு ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஒருத்தர். மேசையில மூணு மலை பொம்மையை வெச்சு, எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கற பொம்மைக்கு என்ன தெரியும்னு பிள்ளைங்ககிட்ட கேட்டார். நாலஞ்சு வயசுப் பிள்ளைங்க தங்களுக்குத் தெரியறதையே காட்டினாங்க. பின்னாடி 1970கள்ல மார்ட்டின் ஹியூஸ்னு இன்னொருத்தர் அதையே போலீஸ்காரர் கண்ல படாம ஒளியற விளையாட்டா மாத்திக் கேட்டார். அந்த வயசுப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க சரியாச் சொல்லிட்டாங்க. அதனால விளையாட்டாவே போகலாம்னு முடிவு பண்ணோம்.

தரையில ஒரு சார்ட் பேப்பர். அழிரப்பர்தான் பெஞ்சு, சாக்பீஸ் டப்பா டீச்சர் மேசை, நிமிர்த்தி வெச்ச நோட்டு கரும்பலகை. ஒவ்வொண்ணையும் சுத்திப் பென்சிலால கோடு போட்டுட்டு பொருளை எடுத்துடணும். காகிதத்துல மிச்சம் இருக்கறதுதான் வரைபடம். பெஞ்சுக்குக் கால் காணோம், அதுக்கு யாரும் கவலைப்படலை. கரும்பலகைகிட்டதான் பிரச்சினை. ஒரு பொண்ணு ஒத்துக்கவே இல்லை. "அண்ணா, போர்டு எவ்ளோ பெருசு! அது வெறும் கோடா?" நான் பதில் சொல்லலை, நோட்டுக்கு நேர் மேல குனிஞ்சு பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு. அப்புறம் கோடு போட்டுச்சு, ஆனா மனசு கேக்காம ஸ்கெட்ச்சால நல்லா தடிமனா!

அடுத்த சண்டை ஃபேனுக்கு. "மேல இருந்து பார்த்தா ஃபேன்தானே அண்ணா முதல்ல தெரியும்?" லாஜிக் சரிதான். வரைபடத்துல எதை விடணும்கறது நாமளா எடுக்கற முடிவுன்னு டீச்சர் சொன்னாங்க. வகுப்பு ஓட்டுப் போட்டு ஃபேனை விட்டுச்சு.

அளவுக்கு முதல்ல காலடி வெச்சு அளந்தோம். ஒருத்தன் 31ன்னான், இன்னொருத்தன் 36ன்னான். யாரோட காலைக் கணக்குல எடுக்கறது? அப்புறம்தான் ஒரு பையன் தரையைக் காட்டினான். டைல்ஸ்! தரையில ஒரு டைல்ஸ்னா கணக்கு நோட்டுல ஒரு கட்டம். அளவுகோல்ங்கற வார்த்தையை யாரும் சொல்லாமலே அளவுகோல் வந்துடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது திசைதான். டீச்சருக்கு இடது கைப் பக்கம் இருக்கற கதவு பிள்ளைங்களுக்கு வலது. வரைபடத்துல எப்படி எழுதறது? எரிக் பெடர்சன்னு ஒரு மொழியியலாளர் 1990கள்ல மதுரைப் பக்கம் இதை ஆராய்ச்சி பண்ணியிருக்கார். நகரத்துக்காரங்க இடது, வலதுன்னு சொல்ற இடத்துல கிராமத்துக்காரங்க மேசை மேல இருக்கற சின்னப் பொருளைக்கூட கிழக்கு, மேற்குன்னு சொன்னாங்க. நம்ம ஊர்ப் பாட்டிங்களும் "கொஞ்சம் கிழக்கால தள்ளி உக்காரு"ன்னுதானே சொல்வாங்க? எங்க பிள்ளைங்க இன்னும் ஈசியாக்கிட்டாங்க. வடக்கே தென்பெண்ணை, மேற்கே கல்வராயன் மலை. காகிதத்தோட ஒரு விளிம்புல 'ஆறு'ன்னும் இன்னொரு விளிம்புல 'மலை'ன்னும் எழுதினாங்க. திரும்பி நின்னாலும் ஆறு இடம் மாறாது.

கடைசியா விளையாட்டு. ஒருத்தர் சாக்பீஸை ஒளிச்சு வெச்சு வரைபடத்துல புள்ளி வைக்கணும், இன்னொருத்தர் தேடணும். தேடறப்போ எல்லாரும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பிடிச்சாங்க. "வடக்கு மேலதான் இருக்கணும்"னு டீச்சர் தயங்கினாங்க. திருப்பட்டும்னுதான் நான் சொல்வேன். சிவில் படிச்சவங்க ப்ளேன் டேபிள் சர்வேல வரையறதுக்கு முன்னாடி பலகையைத் திசைக்குத் திருப்பி வைப்பாங்க. போன்ல மேப் தானாவே நமக்காகத் திரும்பிக்குது. அதனால அந்த வேலையை நாம ஒரு தடவைகூடப் பண்ணாமலே வளர்ந்துடலாம். ஃப்ரீ ஃபயர்ல மேப் பார்க்கற பையன்கூட காகிதத்தைக் கையில குடுத்ததும் ஒரு நிமிஷம் முழிச்சான்.

இது ஏன் வெறும் பாடம் இல்லைன்னா, 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் மழைக்கு சாத்தனூர் அணையில இருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி தென்பெண்ணையில வந்துச்சு. தாழ்வான பகுதியில இருக்கறவங்க மேடான இடத்துக்குப் போகணும்னு அறிவிப்பு வரும். எது தாழ்வு, எது மேடு, தன் வீடு அதுல எங்க இருக்குன்னு ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

ரெண்டாவது நாள் முடியறப்போ ஒரு பையன் வகுப்பறைச் சுவரைத் தாண்டி, 'ஆறு'ன்னு எழுதின விளிம்பு வரைக்கும் கோடு இழுத்திருந்தான். என்னடா இதுன்னு கேட்டேன். "எங்க கரும்புக் கொல்லைண்ணா. தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு." அந்தக் கொல்லை எத்தனை கட்டம் தள்ளி இருக்கும்னு அவனுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. டீச்சர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துட்டு, அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல இருந்து அவங்கவங்க வீடு வரைக்கும் வரையலாம், மேடு எங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.