தெரிந்திருந்தும்: முன்னுணர்வும் அமானுஷ்யக் கதையும்

   நேரம் குறைவு, சொல்ல வேண்டியதோ பழைய பாக்கி. ஆகவே நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. பழைய வழக்கு

நான் என்ன பேசப்போகிறேன் என்பது முன்வரிசை நண்பர்கள் சிலருக்குத் தெரியும். அதற்கு உள்ளுணர்வு எதுவும் தேவையில்லை. கருத்தரங்குகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் தேநீர் இடைவேளைகளிலும் பல காலமாக இதைத்தான் வாதாடி வருகிறோம்.

தொலைவில் நடப்பதோ இனி நடக்கப்போவதோ ஒருவர் மனத்தில் காரணமில்லாமல் தட்டுப்படுகிறது. அந்தக் கணம் அமானுஷ்யக் கதை எழுதுகிறவர்களை விடாமல் இழுப்பது ஏன்? ஒரு சாரார், “எழுத்தாளருக்கே அப்படி ஏதோ நேர்ந்திருக்கிறது. நம்பினார், எழுதினார்” என்பார்கள். மறுசாரார், “பொருந்தாத நூறு கனவுகளை மறந்து, பொருந்திய ஒன்றைப் பிடித்துக்கொள்வது மனித மனத்தின் பழக்கம். எழுத்தாளர் அதைச் சரக்காக்குகிறார்” என்பார்கள். எதிரெதிர் அணிகள் என்று இவர்கள் தங்களை நினைத்துக்கொண்டாலும் இரு அணியும் கேட்பது ஒரே கேள்விதான்: அது மெய்யா, பொய்யா?

அந்தக் கேள்வியை உளவியலாரிடம் விட்டுவிடலாம். கதைக்காரரைப் பிடித்தாட்டும் கேள்வி வேறு: தெரிந்திருந்தும் நீ ஏன் தடுக்கவில்லை? முன்னுணர்வு வந்துவிட்டால் அதோடு ஒரு பொறுப்பும் தலையில் ஏறிவிடுகிறது. அந்தப் பொறுப்புதான் கதை. இதை நிறுவ ஒரு சான்றை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

2. மெம்பிஸில் ஒரு சவப்பெட்டி

1858ஆம் ஆண்டு. சாமுவேல் கிளெமன்ஸ் என்ற 22 வயது இளைஞர் மிசிசிப்பி ஆற்றில் ‘பென்சில்வேனியா’ என்ற நீராவிப் படகில் பைலட் வேலை பழகிக்கொண்டிருக்கிறார். பின்னாளில் மார்க் ட்வைன் என்று உலகம் அறிந்தவர். தம்பி ஹென்றிக்கு வயது 19. கணக்கருக்கு உதவியாளாக, சம்பளமில்லாமல், அதே படகில் வேலை. அந்த வேலைக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்தவர் அண்ணன்தான்.

படகு செயின்ட் லூயிஸில் நின்றிருந்தபோது அக்காள் வீட்டில் தங்கிய ட்வைன் ஒரு கனவு கண்டார். கூடத்தில் இரண்டு நாற்காலிகள் மேல் உலோகச் சவப்பெட்டி. உள்ளே ஹென்றியின் உடல். உடம்பில் அண்ணனுடைய உடுப்பு. மார்பில் வெள்ளை ரோஜாக் கொத்து, அதன் நடுவில் ஒரே ஒரு சிவப்பு ரோஜா. விழித்தவருக்கு அது கனவென்றே படவில்லை. உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கிப் பாதி தூரம் நடந்த பிறகே உறைத்தது. ஓடிவந்து மாடியேறிக் கூடத்தைப் பார்த்தார். பெட்டி இல்லை.

பிறகு நடந்தது சரித்திரம். படகில் பிரவுன் என்ற பைலட் ஹென்றி மேல் கைவைக்க, அண்ணன் முக்காலியை எடுத்து அந்த ஆளை அடித்துவிட்டார். அந்தச் சண்டையால் ட்வைன் நியூ ஆர்லியன்ஸில் இறங்கிக்கொண்டார், தம்பி படகிலேயே போனான். சூன் 13 அன்று மெம்பிஸுக்குத் தெற்கே கொதிகலன்கள் வெடித்தன. பின்னால் வேறு படகில் வந்த ட்வைன், மெம்பிஸ் நகரின் தற்காலிக மருத்துவமனையில் தம்பியைக் கண்டார். சில நாளில் ஹென்றி இறந்தான். மற்றவர்களுக்கெல்லாம் வெறும் மரப்பெட்டி. இவன் இளமையைக் கண்டு இரங்கிய அவ்வூர்ப் பெண்கள் 60 டாலர் திரட்டி உலோகப் பெட்டி வாங்கியிருந்தார்கள். உடம்பில், கேட்காமல் இரவல் எடுத்திருந்த அண்ணனின் உடுப்பு. ட்வைன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதிய பெண்மணி ஒருவர் வெள்ளை ரோஜாக் கொத்தோடு வந்து அதை மார்பில் வைத்தார். நடுவில் ஒரு சிவப்பு ரோஜா. அக்காள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பெட்டியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோணிப்போன முகத்தைத் தாய் பார்க்கக் கூடாதென்று ட்வைன் தடுத்தார். மாடியில் இரண்டு நாற்காலிகள் காத்திருந்தன.

இந்த இடத்தில்தான் நம் நண்பர்கள் இரு பக்கமும் பிரிந்து நிற்பார்கள். நான் கேட்பதெல்லாம், இதை ட்வைன் எப்போது, எங்கே, யாரிடம் சொன்னார் என்பதுதான்.

சூன் 18 அன்று, தம்பி உயிருக்குப் போராடும் வேளையில், அண்ணியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். படகில் இல்லாமல் போனதற்காகப் பிறர் தம்மை அதிர்ஷ்டசாலி என்று சொல்வதே நெஞ்சைக் கிழிக்கிறது என்ற பொருளில் புலம்பும் கடிதம் அது. கனவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 1883இல் வந்த ‘லைஃப் ஆன் த மிசிசிப்பி’ நூலில் சண்டை உண்டு, வெடிவிபத்து உண்டு, ஹென்றியின் சாவு உண்டு. கனவு இல்லை. அது தாயின் காதுக்கு எட்டக் கூடாதென்றே விட்டதாகப் பின்னாளில் அவரே காரணம் சொன்னார். சரி, தாய் 1890இல் மறைந்தார். அடுத்த ஆண்டே ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் ‘மென்டல் டெலிகிராஃபி’ என்ற கட்டுரை வெளிவந்தது. தாம் எழுதி அனுப்பாமல் வைத்த யோசனையே நண்பரின் கடிதமாகத் திரும்பி வந்த கதை போன்ற சின்னச் சின்ன அதிசயங்கள் அதில் வரிசையாக வருகின்றன. லண்டன் அதீத உளவியல் ஆய்வுக் கழகத்தில் உறுப்பினரானவர், கூச்சமில்லாமல் இவற்றையெல்லாம் அச்சேற்றுகிறார். வாழ்க்கையின் ஆகப் பெரிய அதிசயத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

நம்பாதவராக இருந்தால் கட்டுரையே எழுதியிருக்க மாட்டார். நம்பியதால் எழுதினார் என்றால் முதலில் எழுத வேண்டியது இதுவல்லவா? கடிதங்கள் வழியில் குறுக்கிட்டுக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஹென்றியின் கனவைச் சொன்னால் கேட்பவர் அடுத்த கணமே கேட்பார்: பிறகு ஏன் அவனைப் படகில் போகவிட்டாய்?

விவரமாக அவர் அதைச் சொல்லிப் பதிவாக்கியது 1906 சனவரியில், தன்வரலாற்றைச் சுருக்கெழுத்தில் எடுக்கச் செய்தபோது. 48 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்தப் பேச்சில் கனவோடு கைகோத்து வருவது எது என்று பாருங்கள். எட்டில் ஒரு கிரெயின் அளவு மார்ஃபின் கொடுக்க வேண்டிய இடத்தில், அளக்க வழியில்லாத இளம் மருத்துவர்கள் கத்தி முனையில் அள்ளிக் கொடுத்ததால்தான் தம்பி இறந்தான் என்ற செய்தி. 1883 நூலில் இது கிடையாது. கனவும் பழியும் ஒரே மூச்சில் வெளிவருகின்றன. ஒன்றைச் சொல்லத் துணிந்த நாளில்தான் மற்றதையும் சொல்ல முடிந்தது. இரண்டும் ஒரே முடிச்சு என்பது என் துணிபு.

1897, 98 ஆண்டுகளில் அவர் எழுதிய ‘விச் வாஸ் த ட்ரீம்?’, ‘த கிரேட் டார்க்’ ஆகிய கதைகளையும் இதோடு வைத்துப் படிக்க வேண்டும். இரண்டிலும் ஒருவன் கனவையும் நனவையும் பிரித்தறிய முடியாமல் தவிக்கிறான், உடுத்திக்கொண்டு தெருவில் பாதி தூரம் நடந்த அந்த இளைஞனைப் போலவே. இரண்டும் முடிக்கப்படாமல் நின்றன. அந்தக் கனவைச் சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே மட்டும் நுழையவில்லை. அனுபவம் இருந்தால் கதை பிறந்துவிடும் என்று இனியும் எந்த நண்பராவது சொன்னால், இந்த இரண்டு முடியாத கைப்பிரதிகளை அவர் கையில் கொடுக்க விரும்புகிறேன்.

3. எச்சரிக்கை பலிக்காத இடம்

மறுமுனையில் டிக்கன்ஸ். 1865 சூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் சிக்கித் தப்பியவர். பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் ரயில் நேரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டார். 1,000 கஜத்துக்கு அப்பால் கொடியோடு நிற்க வேண்டிய ஆள் 554 கஜத்திலேயே நின்றார். வண்டி நிற்கத் தூரம் போதவில்லை. 10 பேர் இறந்தனர். டிக்கன்ஸுக்கு எந்த முன்னுணர்வும் வரவில்லை. எச்சரிக்கை இருந்தும் பயன்படாமல் போவதை மட்டும் கண்ணால் கண்டார். அடுத்த ஆண்டு ‘த சிக்னல்மேன்’ கதை வந்தது. ரயில் சைகை ஊழியர் ஒருவரிடம் ஆவி கையசைத்து ஆபத்து என்கிறது. எங்கே, எப்படி என்று சொல்வதில்லை. காரணம் காட்டாமல் தந்தி அடித்தால் வேலை போகும், அடிக்காவிட்டால் உயிர் போகும். அந்த ஊழியரை வதைப்பது ஆவியைவிடக் கடமைதான்.

“நம்மிடம் இல்லாததா?” என்று கேட்கக் காத்திருக்கும் நண்பருக்கு: இருக்கிறது. கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்லிவிட்டுத்தான் கோவலனோடு மதுரைக்குப் புறப்படுகிறாள். கனவு பலித்ததை வைத்து அந்தக் காதையைப் பாராட்டுவதே நம் பாடநூல் வழக்கம். தெரிந்திருந்தும் போனாள் என்பதல்லவா அதைக் காப்பியமாக்குகிறது?

4. டன்

ஜே. டபிள்யூ. டன் என்ற விமானப் பொறியாளர் 1927இல் ‘ஆன் எக்ஸ்பெரிமென்ட் வித் டைம்’ எழுதினார். ஜே. பி. பிரீஸ்ட்லியின் காலநாடகங்களுக்கு அந்நூல் ஓர் ஊற்று. 1902இல் தென்னாப்பிரிக்காவில் படையில் இருந்தபோது, ஒரு தீவு வெடிக்கப்போவதாகவும் 4,000 பேர் சாவார்கள் என்றும் டன் கனவு கண்டார். பிறகு வந்த நாளிதழில் மார்ட்டினிக் தீவின் எரிமலைச் செய்தி. தலைப்பில் இருந்தது 40,000. அவர் அதை 4,000 என்றே வாசித்திருந்தார். தாம் முன்கூட்டிக் கண்டது எரிமலையை அல்ல, செய்தித்தாள் வாசிப்பை என்று அவர் முடிவுகட்டியது இதனால்தான். இந்த எண்ணைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கனவு முழுக்க அவர் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கப்பல் அனுப்பச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன்: கனவுக்குள்ளும் அவரை ஆட்டியது தடுக்க வேண்டிய பொறுப்புதான்.

5. இனிச் செய்ய வேண்டியவை

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆய்வு மாணவர்களுக்காகச் சில குறிப்புகளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, மார்கன் ராபர்ட்சன். ‘டைட்டன்’ என்ற கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கும் அவருடைய கதை 1898இல் வந்தது. டைட்டானிக் மூழ்கிய 1912இல் மறுபதிப்பு வந்தது. இரு பதிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாற்றங்களை அட்டவணை போட வேண்டும்.

இரண்டு, 1966 அபர்ஃபான் நிலக்கரிக் கழிவுச் சரிவுக்குப் பின் மனநல மருத்துவர் ஜான் பார்க்கர் திரட்டிய முன்னுணர்வுக் கடிதங்கள். அவற்றில் மெய் பொய் தேடியது போதும், எத்தனை பேர் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மூன்று, புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. அதில் கதை சொல்கிறவர் எழுத்தாளராக இருப்பது ஏன்? ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கே இடமுண்டு.

நான்கு, நம் நாட்டார் கதைப்பாடல்களில் வரும் தீக்கனவுகள், தடுத்தும் கேளாமல் புறப்படும் தலைவர்கள். இவற்றுக்கு ஒரு பொருளடைவு வேண்டும். துறை மனம் வைத்தால் ஒரே கல்வியாண்டில் முடியும்.

ஐந்தாவதாக வைத்திருந்த குறிப்பைக் கலந்துரையாடலுக்கு விட்டுவிடுகிறேன். மறுப்பு உள்ள நண்பர்கள் ஒலிவாங்கியை எடுத்துக்கொள்ளலாம். முதல் கேள்வி யாரிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியும்.