நாகைத் துறைமுகமும் நம்மவரும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சோழர் கடல் வாணிகம் குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்போது நாம் எங்கே இருந்தோம்?" என்று வினவினான். மணி அடித்துவிட்டது, தப்பித்தோம். அவ்வினாவுக்குத்தான் இன்று விடை கூற முயல்கிறோம்.

நாகையின் வரலாற்றைச் சூடாமணி விகாரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னர் இங்கே எழுப்பிய அப்புத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் எனப்படுபவை அக்கொடையைக் கூறுவனவே. இந்நகர மண்ணிலிருந்து 1856 முதலாக எடுக்கப்பட்ட புத்தர் படிமங்கள் 300க்கும் மேற்பட்டவை. பின்னர்ப் போர்த்துகீசியர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தரும், 1781இல் ஆங்கிலேயரும் நகரைக் கைப்பற்றினர். இவையெல்லாம் பாடநூலில் உள்ளன; நீங்கள் படித்துக்கொள்ளலாம்.

ஆனைமங்கலம் தர வேண்டிய நெல்லைக் கலம், தூணி, குறுணி என அச்செப்பேடு நுணுக்கமாக அளந்து கூறுகிறது. அந்நெல்லை விளைவித்த கைகள் எவருடையவை என்று கூறவில்லை. அதே மன்னனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ நம்மைக் காணலாம். வரி நீக்கிய நிலங்களை அடுக்கும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் பொறித்துள்ளனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாம் இருந்த இடம் அது.

அடுத்து நாம் தென்படுவது துறைமுகக் கரையில். 1843இல் சட்டம் அடிமைமுறைக்கு அளித்த ஏற்பை விலக்கிக்கொண்டது. எனினும் தஞ்சை வயல்களில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். கூலி நெல்லாகவே இருந்தது. நாகையிலிருந்து திருச்சி வரை 1862க்குள் இருப்புப்பாதை அமைந்தது. கப்பலோ பினாங்குக்குப் போயிற்று. பண்ணையிலிருந்து வெளியேற நம்மவர்க்குக் கிடைத்த வாயில் இத்துறைமுகமே.

எமது பாட்டனார் 1927இல் அவ்வாயில் வழியே சென்றவர். நாகைக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பண்ணையிலிருந்து, இரவில், எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தே வந்தாராம். கங்காணி அவரைக் கூலிகள் முகாமில் சேர்த்தார். அங்கே மருத்துவர் பார்த்து அம்மை குத்தினர். பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாத ஆழமின்மையால், கடுவையாற்று முகத்திலிருந்து படகில் ஏற்றிச்சென்று கடல் நடுவே கப்பலில் ஏற்றினர். பினாங்கில் முதலில் இறக்கியது ஜெரஜாத் தீவில். நோய்த் தடுப்புக் காவல் முடிந்த பின்னரே இரப்பர்த் தோட்டம்.

தோட்டம் சுவர்க்கம் அன்று. லயத்துச் சிறு அறை, கள்ளுக்கடை, அங்கும் தொடர்ந்து வந்த சாதி, எல்லாம் இருந்தன. 1942, 1943 ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதையில் பல்லாயிரம் தமிழர் மாண்டனர். ஆயினும் கூலி காசாகக் கிடைத்தது. இதைச் சிறிதென்று கருதாதீர். இதே வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் நெல்லுக்கூலியை உயர்த்திக் கேட்ட பூசலின் முடிவில்தான், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து சாம்பலாயினர்.

உலகப் பொருளாதார மந்தத்தில் தோட்டங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பின. எமது பாட்டனாரும் 1931இல் திரும்பினார். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, காலில் செருப்பு. ஊர்த்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார் என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான்கு ஆண்டுகள் பினாங்குச் சீமையில் அணிந்து நடந்த செருப்பு! அதன்பின் அவர் அதை அணியவே இல்லை. ஆனால் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். பெட்டி இன்றும் எமது இல்லத்தில் உள்ளது. சங்கத்தின் பழைய வரவு செலவுப் புத்தகங்கள் சில காலம் அதில்தான் இருந்தன.

பின்னர்க் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. இரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்குப் போயிற்று. உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றம் 1938இல் தடைப்பட்டது. 1985இல் சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு மலேசியப் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது நகரமே திரண்டு பார்த்தது. கூட்டத்தில் நின்ற முதியவர் ஒருவர், "எங்க அப்பன் போனது இந்தக் கரையிலேருந்துதான்" என்று அழுதார். அருகில் நின்ற இளைஞர்க்கு அவர் எதைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை. எமக்கு அன்று உறக்கம் வரவில்லை.

அந்த மாணவன் இப்போது பத்தாம் வகுப்பு. நம் குடியிருப்பில் யார் யார் வீட்டிலிருந்து யார் கப்பலேறினர், யார் திரும்பினர், யார் கடிதத்தோடு நின்றனர் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருகிறான். 11 வீடுகள் முடிந்துள்ளன. பன்னிரண்டாவது, மேட்டுத்தெருக் கடைசி வீட்டுப் பாட்டியார். மலேயாத் தோட்டத்தில் பிறந்தவர், வயது 92. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பள்ளி வாயிலிலிருந்து அங்கே செல்கிறோம். வர விரும்பும் இளைஞர்கள் பேனாவோடு வரலாம்.