வலியை மறைப்பது நாணமன்று



நிற்காத உதிரப்போக்கைக் குறித்து ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிவு பெற்றார்கள். நம் இல்லத்துப் பெண்களோ மாதவிடாய் வலியைச் சொல்லவும் தயங்குகின்றனர்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இது உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடும் வலியும் குழந்தைப்பேற்றுத் தடையும் இதனால் நேரலாம். ஸ்கேனில் புலப்படாவிடினும் நோய் இருக்கக்கூடும். சிலருக்கு லேப்ராஸ்கோப்பி தேவைப்படும். மாத்திரைகளாலும் அறுவை சிகிச்சையாலும் வலியைத் தணிக்க இயலும்.

‘மணமானால் சரியாகிவிடும்’ என நாம் ஒத்திப்போடலாகாது. ஆழ்வார்திருநகரியிலிருந்து நெல்லை, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவே. தந்தையரும் கணவன்மாரும் உடன் செல்வோமாக. மருத்துவம் தேடுவதும் நபிவழியே.

அல்லாஹ் நற்சுகம் அருள்வானாக. ஆமீன்.