சொல்லும் பயனும்: ஐரோப்பாவின் பொதுக் கம்பெனி விதிகள்



வியாபாரி ஒருவர் வேற்று நாட்டுக் கம்பெனிக்குக் கடனாகச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அறிய விரும்புபவை மூன்று. கம்பெனியின் பெயரால் கையெழுத்திடுபவருக்கு அதற்குரிய அதிகாரம் உண்டா? கம்பெனியின் பொருள் நிலைமை எத்தகையது? அந்தக் கம்பெனி அமைந்ததே செல்லாது என்று நாளை ஒருவர் வழக்காடினால் தம் பணத்தின் கதி என்ன? உள்ளூர்க் கம்பெனியாயின் நாலு பேரை விசாரித்து அறியலாம். நாடும் சட்டமும் மொழியும் வேறாகிவிட்டால் யாரை விசாரிப்பது?

1957ஆம் ஆண்டில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் நகரில் உடன்படிக்கை செய்து, பொதுச் சந்தை ஒன்றை அமைக்க முற்பட்டன. சுங்க வரியை நீக்கினால் மட்டும் வாணிகம் வளர்ந்துவிடாது; நம்பிக்கையும் வேண்டும். ஆதலின் கம்பெனிகளின் பங்குதாரருக்கும், அவற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் வெளியாருக்கும் அந்தந்த நாட்டுச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பை ஒன்றுக்கொன்று ஈடாகுமாறு ஒருங்கிணைக்க வேண்டும் என்று அவ்வுடன்படிக்கையிலேயே எழுதினர்.

இதற்கு அவர்கள் தேர்ந்த கருவி டைரெக்டிவ் என்பது. அதை நெறியாணை என்று சொல்லலாம். அடைய வேண்டிய பயன் ஒவ்வொரு நாட்டையும் கட்டுப்படுத்தும். அதை அடையும் வடிவத்தையும் முறையையும் அந்தந்த நாடே தேர்ந்துகொள்ளும். ஊருக்குத் தண்ணீர் வந்து சேரவேண்டும் என்பது ஆணை. கால்வாய் வெட்டுவதா, குழாய் பதிப்பதா என்பது ஊராரின் பொறுப்பு. குறித்த கெடுவுக்குள் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைத் திருத்தி அந்தப் பயனை உண்டாக்க வேண்டும்.

மேற்போக்காகப் பார்த்தால் இது மொழிபெயர்ப்பு வேலை போலத் தோன்றும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், இது அதனினும் கடினமான வேலை என்று சொல்லத் துணிகிறேன். சொல்லைப் பெயர்த்துவிட்டால் என் அலுவல் பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கோ சொல் பெயர்ந்த பிறகுதான் சோதனை தொடங்குகிறது.

கம்பெனிச் சட்டம் பற்றிய முதல் நெறியாணை 1968ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்தது. நாம் முதலில் கண்ட கேள்விகளே அதன் பொருள். கம்பெனி பற்றிய முக்கிய விவரங்களை யாவரும் காணும் பதிவேட்டில் வெளியிட வேண்டும்; கம்பெனி செய்த ஒப்பந்தம் எப்போது அதைக் கட்டுப்படுத்தும் என்பது தெளிவாக வேண்டும்; இன்ன இன்ன காரணங்களால் அன்றி எந்தக் கம்பெனியையும் செல்லாதென அறிவித்தல் கூடாது.

விரைவிலேயே ஜெர்மனியில் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே நிர்வாகி உள்ள கம்பெனியில் அவர் தனியாகவே கையெழுத்திடலாம் என்பது அந்நாட்டில் சொல்லாமலே விளங்குவது. விளங்கியதைப் பதிவேட்டில் வேறு எழுதுவானேன்? 1974ஆம் ஆண்டு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு விடை அளித்தது. எழுதத்தான் வேண்டும் என்பதே விடை. உள்நாட்டாருக்கு வெளிப்படையானது வெளிநாட்டு வியாபாரிக்கும் வெளிப்படையாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை. பதிவேடு அந்த அந்நியருக்காகவும் வைக்கப்பட்டதன்றோ?

பிரிட்டன் 1973இல் சேர்ந்தபோது பழைய கோட்பாடு ஒன்று குறுக்கே நின்றது. ரயில் வண்டிகள் செய்யும் கம்பெனி ஒன்று பெல்ஜியத்தில் இருப்புப்பாதை போடும் வேலைக்குப் பணம் தர ஒப்பந்தம் செய்தது. அது கம்பெனியின் குறிக்கோளுக்குப் புறம்பானது. பங்குதாரர் அனைவரும் இசைந்தாலும் செல்லாது என்று பிரபுக்கள் சபை 1875இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தை நம்பியவர் ஏமாந்தார். முதல் நெறியாணையோ அத்தகைய வெளியாரைக் காக்க விரும்பியது. பிரிட்டன் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரே பிரிவில் இதைப் புகுத்தியது. நல்லெண்ணத்துடன் நடந்தவர்க்கும், டைரக்டர்கள் தீர்மானித்த காரியத்திற்கும் மட்டுமே அப்பிரிவு பாதுகாப்பு அளித்ததால், அதன் சொற்களின் எல்லை எது என்பதிலேயே ஐயங்கள் எழுந்தன. 1989இல் அதை மீண்டும் திருத்த நேர்ந்தது. பழைய கட்டடத்தில் புதுக் கதவு வைப்பது அத்தனை எளிதன்று.

ஆண்டுக் கணக்குகள் பற்றிய நான்காம் நெறியாணை 1978இல் வந்தது. கணக்கானது கம்பெனியின் நிலைமையைப் பற்றி 'ட்ரூ அண்டு ஃபேர் வியூ' தரவேண்டும் என்று அது கூறியது. இது ஆங்கிலேயரின் சொற்றொடர்; நமது 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்திலும் இடம்பெற்றது; 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிலைத்திருக்கிறது. உண்மையும் நேர்மையுமான தோற்றம் என்று நாம் சொல்லலாம். பிரெஞ்சு வாசகம், உள்ளதை உள்ளபடி காட்டும் உருவம் என்ற கருத்தில் அமைந்தது. ஜெர்மன் வாசகமோ, மெய்யான நிலைமைக்கு ஒத்த படம் என்றது. ஆங்கிலத்தின் இரண்டு அடைமொழிகளும் இவற்றில் ஒன்றாகிவிட்டன. மூன்றும் சமமான அதிகாரம் உடையவை. எது மூலம், எது பெயர்ப்பு என்று பேச இடமில்லை.

சொல் மாறியதைவிட, அது போய்ச் சேர்ந்த இடம் மாறியதுதான் முக்கியம். ஆங்கிலக் கணக்கர் தம் தொழில் அனுபவத்தைக் கொண்டு நேர்மையான தோற்றம் எதுவென்று தீர்மானிப்பவர். ஜெர்மன் மரபில் கணக்கு விதிகளும், கடன் கொடுத்தோரைக் காக்கும் எச்சரிக்கையும் முதன்மையானவை. ஆகவே ஜெர்மனி தன் சட்டத்தில் அவ்வாசகத்தைச் சேர்த்தபோது, முறையான கணக்கு வைப்பின் கொள்கைகளை அனுசரித்து என்ற நிபந்தனையையும் உடன் சேர்த்தது. நாடுகளுக்கு அளித்த கெடு இரண்டே ஆண்டு. ஜெர்மனியின் சட்டம் 1985இல்தான் வந்தது. இத்தாலியின் சட்டம் 1991இல்.

ஒரு நாடு கெடுவைத் தவறவிட்டால் வழக்காடும் குடிமகன் என்ன செய்வான்? ஸ்பெயினிலிருந்து வந்த வழக்கில் 1990இல் இதற்கு விடை கிடைத்தது. கடன்காரரை ஏமாற்றவே ஒரு கம்பெனி அமைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. தகுந்த காரணமற்ற ஒப்பந்தம் செல்லாது என்னும் சிவில் சட்டப்படி அதை ரத்து செய்யவேண்டும் என்று கடன் கொடுத்தவர் கோரினார். முதல் நெறியாணையின் பட்டியலில் அக்காரணம் இல்லை. ஸ்பெயினோ அந்த நெறியாணையைத் தன் சட்டத்தில் உரிய காலத்தில் சேர்க்கவில்லை. நெறியாணை நேராக ஒரு தனி மனிதர்மீது கடமையைச் சுமத்தாது. ஆனால் நாட்டு நீதிபதி தம் சட்டத்தைக் கூடியவரை அந்நெறியாணையின் சொல்லுக்கும் நோக்கத்திற்கும் இசையவே பொருள் கொள்ள வேண்டும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். சட்டசபை செய்யத் தவறியதை, இயன்ற அளவு, நீதிபதியின் வாசிப்பு செய்ய வேண்டியதாயிற்று.

இன்னொரு படிப்பினையும் உண்டு. கணக்கை வெளியிட வேண்டும் என்ற விதி ஜெர்மானியச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருந்தது. ஆனால் வெளியிடாத கம்பெனிக்குத் தண்டனை விதிக்கக் கோரும் உரிமை பங்குதாரர், கடன் கொடுத்தோர், தொழிலாளர் குழு ஆகியோர்க்கு மட்டுமே இருந்தது. கணக்கு மறைந்தே கிடந்தாலும் பிறர் கேட்க வழியில்லை. இது போதாது என்று 1997இல் தீர்ப்பாயிற்று. 2007 முதல் கணக்குகள் மின்னணு முறையில் தாக்கலாகின்றன. தவறியவர்மீது அரசு அலுவலகமே முன்வந்து நடவடிக்கை எடுக்கிறது. கால்வாய் வெட்டியாயிற்று, மதகைத் திறக்க இத்தனை ஆண்டு சென்றது.

இன்று ஐரோப்பிய யூனியனில் 27 நாடுகள், 24 ஆட்சிமொழிகள். சிதறிக் கிடந்த நெறியாணைகள் பலவற்றை 2017இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். கம்பெனியை இணையத்தின் வழியாகவே அமைக்க வகைசெய்யும் நெறியாணை 2019இல் வந்தது. பிரிட்டன் 2020இல் வெளியேறிவிட்டது. ஆயினும் வெளியாரைக் காக்கும் அந்த விதியின் பயன் அதன் 2006ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் இன்றும் வாழ்கிறது. அதே சமயம் 1972இல் முன்வைத்த ஐந்தாம் நெறியாணை, தொழிலாளர்க்கு நிர்வாகத்தில் பங்கு தருவது பற்றிய கருத்து வேற்றுமையால் கடைசிவரை நிறைவேறவில்லை. நோக்கத்திலேயே ஒற்றுமை இல்லாதபோது எந்த வாசகமும் உதவாது.

ஐரோப்பிய அனுபவம் உணர்த்துவது இதுவே. சட்டத்தின் சொற்கள் பொருந்திவிட்டன என்று சட்டம் வரைபவர் திருப்தி அடைந்துவிடக்கூடாது. அச்சொற்களால் யாருக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டைத் திறந்து பார்க்கும் முன்பின் அறியாத ஒருவர், உள்ளூர்க்காரர் அறிவதையெல்லாம் அறிந்துகொள்ள முடியுமானால், அன்றுதான் பொது விதி அந்த நாட்டின் சட்டமாயிற்று என்று சொல்லலாம்.