வழுவமைதியும் மின்கிதாரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாவலர்கள் கூடியிருக்கும் அரங்கில், மின்கிதார் வாசிப்பவன் காலடியில் கிடக்கும் கையகல அலுமினியப் பெட்டியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். ஐயத்தைத் தொல்காப்பியரிடமே கொண்டுபோவோம். திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என வழுக்களை ஏழாக வகுப்பது நம் இலக்கண மரபு. அம்மரபு அவற்றைத் தண்டிப்பதோடு நின்றுவிடவில்லை. உவப்பு மிகுந்த உழவன் தன் பசுவை ‘அம்மை’ என்று அழைத்தால் அது திணைவழுதான். ஆயினும் அதற்கும் இலக்கணத்தில் ஓர் இருக்கை தரப்பட்டது. வழுவமைதி என்பது அதன் பெயர். பிழை பிழையாகவே இருக்க, அதற்கு ஒரு காரணமும் எல்லையும் கற்பித்து மொழிக்குள் அமர்த்திக்கொள்வது அது. இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த அலுமினியப் பெட்டி நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஆங்கிலத்தில் எஃபெக்ட்ஸ் பெடல் என வழங்கும் அது, கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் வைக்கப்படும் ஒரு சிறு மின்சுற்று. காலால் மிதித்தால் இயங்கும்; மீண்டும் மிதித்தால் ஒதுங்கிக்கொள்ளும். கம்பியின் ஒலியைக் கரகரக்கச் செய்யலாம், எதிரொலிக்கச் செய்யலாம், அலையலையாக நடுங்கச் செய்யலாம். இதன் தொடக்கம் ஒரு பழுது. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரின் பாடலொன்றில் கிரேடி மார்ட்டின் வாசித்த கிதார்ப்பகுதி, ஒலிப்பதிவுக் கூடத்துக் கலவைமேசையில் ஏற்பட்ட கோளாற்றால் தேனீக்கூட்டம் போல் இரைந்து பதிவாகிவிட்டது. அதை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்திருக்கலாம், செய்யவில்லை. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களால் வேண்டும்போது வருவிக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை ஒரு பாடலில் பயன்படுத்திய பிறகு உலகமே அந்தக் கரகரப்பைக் கேட்டது. இதற்கிடையில் 1964-இல் இங்கிலாந்தில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர், காசு கொடுத்து எதையும் வாங்காமல், தம் ஒலிபெருக்கியின் தாள்கூம்பைச் சவரத் தகட்டால் கீறிவிட்டே அவ்வோசையைப் பெற்றுக்கொண்டார். வழு அமைதி பெற்ற வரலாறு இது.

இத்தகைய ஓசைப்பிழையை அழகாக ஏற்பது மேனாட்டார்க்கே உரியது என்று எண்ணிவிட வேண்டா. தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியே செருகப்படும் பருத்தி நூலை எண்ணிப் பாருங்கள். ஜீவா, ஜீவாளி என்று அதற்குப் பெயர். உயிர் என்று பொருள்படும் பெயரை ஒரு நூலிழைக்குச் சூட்டியவர் யாராயினும் அவர் கவிஞரே. அந்நூல் இல்லாவிடின் தம்புரா வெறும் கம்பி. நூலைத் தக்க இடத்தில் நிறுத்தினால் கம்பி குதிரையின் வளைபரப்பை உரசி உரசி ரீங்கரிக்கும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-இல் வீணை, தம்புரா ஆகியவற்றை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார்: கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டினால் எந்த மேற்சுரம் ஒலிக்காது என்று மேனாட்டு இயற்பியல் விதி வகுத்திருந்ததோ, அந்த மேற்சுரமும் நம் கருவிகளில் ஒலிக்கிறது. விதிக்கு அது வழு, செவிக்கு அமைதி.

மிருதங்கத்தையும் நோக்கலாம். வலந்தலையின் தோலடுக்குகளுக்கு இடையே வைக்கோல் துணுக்குகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். கற்பொடி மணிகளைச் செருகினால் கப்பி மிருதங்கம். தூய ஒலியைக் கெடுப்பதற்காகவே வைக்கப்படும் துரும்புகள் இவை. இடந்தலையிலோ, கச்சேரிக்குச் சற்று முன் வித்துவான் தாமே ரவையைப் பிசைந்து அப்பித் தட்டித் தட்டிப் பார்ப்பார். கூடினால் கிள்ளி எடுப்பார், குறைந்தால் ஒட்டுவார், நிகழ்ச்சி முடிந்ததும் சுரண்டி எறிவார். நாகசுரக் கலைஞர்கள் சீவாளியைத் தம் உதட்டுக்கும் மூச்சுக்கும் ஏற்பச் சீவிச் செம்மை செய்துகொள்வதும் இவ்வகையே. கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக்கொண்டு 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதத்தைக் கேட்டு வளர்ந்த கரிசல் செவிகளுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. கருவியைக் கடையில் வாங்கலாம். அதன் குரலை வாசிப்பவனே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம்மவர் கொண்ட நெறி.

இந்நெறிக்கு மிக அணுக்கமாக வருவது, பெடலைத் தானே பூட்டிக்கொள்ளும் ‘கிட்’ முறை. ஒரு சிறு உறை வரும். உள்ளே துளையிட்ட சுற்றுப்பலகை, வண்ணப்பட்டைகள் அணிந்த மின்தடைகள், மின்தேக்கிகள், இரண்டொரு டிரான்சிஸ்டர் அல்லது ஒரு ஐ.சி., திருகுக்குமிழ்கள், ஒன்பது கால்கள் உடைய மிதிவிசை, ஒன்பது வோல்ட் மின்கலத்துக்கான இணைப்பு, எல்லாவற்றையும் அடக்க ஒரு வார்ப்பு அலுமினியப் பெட்டி. பழுப்பு, கறுப்பு, செம்மஞ்சள் எனப் பட்டைகள் வரிசையாக இருந்தால் பத்தாயிரம் ஓம் என்று படிக்க வேண்டும். சீர் பிரித்துப் பழகியவர்க்கு இது ஒரு மாலையில் வந்துவிடும். பின்னர்ச் சூட்டுக்கோலும் ஈயக்கம்பியும். பொற்கொல்லர் ‘பற்றாசு’ என்னும் சொல்லை இங்குத் தயங்காமல் வழங்கலாம். முதலில் கம்பியையும் பலகையையும் சுடவைத்து, அதன் பிறகே ஈயத்தைத் தொடவிட வேண்டும். ஈயத்தை உருக்கிச் சொட்டவிட்டால் பார்வைக்குப் பற்றியதுபோல் இருந்து உள்ளே பற்றாமல் நிற்கும். உணர்ச்சி சூடேறுமுன் உவமையை ஒட்டவைக்கும் கவிதைகளை இவ்வேளையில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1966-இல் இலண்டனில் வெளிவந்து, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கைக்கொண்டதால் புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் என்னும் பெடலின் சுற்றில் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு மின்தடை, மூன்று மின்தேக்கி, இரண்டு குமிழ் ஆகப் பதினோரு உறுப்புகளே உண்டு. இரண்டு வெண்பாவின் அடிகளைக் காட்டிலும் மூன்றே மிகுதி. இவ்வளவு சுருங்கிய யாப்பில் ஓர் உறுப்பை மாற்றினாலும் முழுமையும் மாறும்.

இன்னொரு வகைக் கரகரப்புப் பெடலில் ஒலியலையின் முகட்டை வெட்டுவதற்கென்றே இரண்டு டயோடுகள் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. மென்மையாக மீட்டினால் அலை முழுதாகக் கடந்துபோகும். அழுத்தி மீட்டினால் முகடு வெட்டுண்டு தட்டையாகும். வெட்டுண்ட அலையில் மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். சிலிக்கன் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் வெட்டும், ஜெர்மானியம் 0.3 வோல்ட்டிலேயே வெட்டத் தொடங்கும், சிவப்பு எல்.இ.டி. விளக்கைப் போட்டால் ஏறத்தாழ 1.7 வோல்ட் வரை பொறுத்திருந்து வெட்டும். விலைக்கு வாங்கிய பெட்டியில் இத்தேர்வை யாரோ செய்து மூடி முடித்திருக்கிறார்கள். தானே பூட்டுகிறவனோ மூன்றையும் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டு, தன் விரலின் கோபத்துக்கு எந்த அளவில் பிழை வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறான். கிட் முறையின் சிக்கனத்தைப் பலர் பாராட்டுவர். சிக்கனம் இரண்டாம் நிலைப் பயனே. எங்கே வழுவ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே முதற்பயன்.

இவ்வுரிமையைப் பற்றி விருதுநகர்ச் சீமையில் நின்று பேசும்போது ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட இயலாது. சிவகாசி ஓசையைச் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர். 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியிலிருந்து வளர்ந்த வட்டாரம் இது. இங்குச் செய்யப்படும் ஓசைக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது: வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மிகலாகாது என்பது 1999-இல் வந்த விதி. பேரியம் கலந்த வெடிகளுக்கு 2018-இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் இத்தொழிலின் கைகளுக்கு வழுவமைதி என்பது இல்லை. அலுமினியப் பொடியும் கந்தகமும் உப்பும் சேரும் அறையில் ஓர் உராய்வு போதும். உடலில் தேங்கிய மின்னூட்டம் கூடப் பகையாகும் என்பதால், கலவை அறைக்குள் புகுமுன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே பாதுகாப்பு முறை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்த அவையில் அந்த நாளை மறந்தவர் இருக்க முடியாது.

பொடியை அளந்து இடவும், திரி செருகவும், தாள் சுற்றவும் பழகிய விரல்கள் நுட்பமானவை. அந்நுட்பத்தைச் சோதனை செய்து பார்க்கும் உரிமைதான் அவற்றுக்கு மறுக்கப்பட்டது. மறுத்ததில் தவறும் இல்லை. அங்கே சோதனை என்பது சாவோடு விளையாட்டு. ஒன்பது வோல்ட் சுற்றில் மின்முனைகளை மாற்றிப் பொருத்தினால் ஒரு டிரான்சிஸ்டர் சூடாகிச் சாகும், விரல் பிழைத்துக்கொள்ளும். பிழை செய்து கற்கும் கல்வி என்று ஏட்டில் எழுதுகிறோமே, அக்கல்விக்கு இடமளிக்கும் கைத்தொழில்கள் இவ்வட்டாரத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓவியமும் அச்சும் ஓரளவு அளித்தன. மின்னணுவியல் மற்றொன்று.

அது இங்குப் புதிதாக வந்து புக வேண்டியதும் அன்று. கோயில் கொடைக்கும் திருமணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டும் ‘ரேடியோ செட்’ கடைகளின் பின்னறையில் ஆம்ப்ளிஃபையர் பூட்டுவது தென்மாவட்டங்களில் பழகிய வேலை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் பலகைகளையும், 2என் 3055 என்னும் உலோகத்தொப்பி டிரான்சிஸ்டரையும் கொண்டு பெட்டி கட்டிய கைகள் பல. அவர்கள் தாழ்சுர, உச்சசுரக் குமிழ்களுக்காகப் பயன்படுத்தும் 4558 என்ற ஐ.சி.யே, 1970-களின் இறுதியில் ஜப்பானின் ஐபனெஸ் நிறுவனம் வெளியிட்ட டியூப் ஸ்கிரீமர் என்னும் புகழ்பெற்ற கிதார் பெடலின் உள்ளத்திலும் இருப்பது. ஒரே சில்லு, அங்கே கலை என்று மதிக்கப்படுகிறது, இங்கே மராமத்து என்று கருதப்படுகிறது. மும்பையில் அனிமல் ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் பெடல்களை வடிவமைத்து வெளிநாடுகளுக்கும் விற்கிறது. ரேடியோ செட் கடைக்காரர் அறியாத மந்திரம் எதுவும் அப்பெட்டிகளில் இல்லை. அவரிடம் கிதார் கொண்டுபோய் ‘இதைக் கொஞ்சம் கெடுத்துத் தாருங்கள்’ என்று கேட்டவர்தாம் குறைவு.

கிதார்தான் வேண்டுமென்பதும் இல்லை. சாத்தூர் பிச்சைக்குட்டி போன்றோர் புகழ் வளர்த்த வில்லுப்பாட்டு இம்மண்ணின் சொத்து. வில்லின் நாணை வீசுகோலால் அடிக்கும்போது வில்லில் கோத்த மணிகள் குலுங்கி அடியின் கூர்மையைக் கலைக்கின்றன. வில்லோடு பிணைத்த குடத்தின் வாயைத் தட்டி அதனுள் அடைபட்ட காற்றைப் பேசவைக்கிறார் குடக்காரர். மின்சாரம் இல்லாத காலத்து ஒலிமாற்றிகள் இவை. இப்போது புலவர் முன் நிற்கும் ஒலிவாங்கிக்கு ‘எக்கோ’ வைக்கிறார்கள். அதன் பலகையில் பெரும்பாலும் இருப்பது பி.டி. 2399 என்ற தைவான் நாட்டுச் சில்லு. குரலை இலக்கங்களாக்கி ஒரு கணம் தேக்கிவைத்துத் திருப்பித் தருவது அதன் பணி. கிதாருக்கான எதிரொலிப் பெடல் கிட்களிலும் அதே சில்லுதான். ஆறாம் காலில் இணைக்கும் ஒரு மின்தடையின் அளவைக் கொண்டு, வினாடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தாமதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

கண்ணிமைப்பும் கைந்நொடிப்பும் மாத்திரைக்கு அளவு என்று படித்தவர்கள் நாம். மேற்சொன்ன தாமதம் அந்த அளவுக்கு மிக அருகில் நிற்பது. கடையில் வாங்கிய எக்கோப் பலகையைக் குமிழ் முழுதும் திருப்பி வைத்துவிட்டால், திரும்பி வரும் எழுத்து அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறும்; வல்லினங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்; குறில் நெடிலாகும். சுடலைமாடன் கதையின் சொற்கள் கூட்டத்தின் பின்வரிசையை அடையுமுன் கரைந்து வெறும் முழக்கமாகிவிடும். கொடை நடக்கும் ஊர்களில் இதைக் கேளாத செவி இல்லை. அந்த ஒரு மின்தடையை மாற்றி, தாமதத்தை வீசுகோலின் இரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட இடைவெளியோடு பொருத்திவிட்டால், திரும்பி வரும் குரல் அடுத்த சொல்லின்மேல் விழாது. தாளத்தின் மேலேயே வந்து விழும். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடும் இடம் அது. அதற்கு வேண்டுவது சில ரூபாய் பெறும் ஓர் உறுப்பும், சூட்டுக்கோலும், புலவரை அருகில் இருத்தி ஒரு பாட்டைப் பாடச்சொல்லிக் கேட்கும் பொறுமையும்.